நீர்மாலைக்கு ஐந்து பேர்

அழுவதற்குக்கூட முறை வைக்க வேண்டியிருந்தது. சுயம்புலிங்கம் செத்துக் கிடந்த வீட்டின் வாசலில் பெண்கள் பத்தடிக்கு ஒருத்தியாக வெயிலில் நின்றார்கள். உள்ளே போனவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்தவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். பிணம் ஒன்று, பெண்டாட்டி தங்கபுஷ்பம் ஒன்று, மகள் சுகிர்தா ஒன்று, ஆக மூன்று. நாலாவதாக ஒருத்திக்குத்தான் இடம். கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து அழுகிற ஊர் அது. இப்போது ஒருத்தி பாடினால் எடுத்துப் பாட அடுத்தவள் இல்லை. அழுகை ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்து போனது.

இதற்குக் காரணம் ஒவ்வொருத்தி கணுக்காலிலும் கிடந்தது. சாம்பல் நிறத்தில் விரல் பருமனுக்கு ஒரு வளையம். அரசாங்கம் அதற்கு ‘கூடுகைக் கண்காணிப்புக் கருவி’ என்று பெயர் வைத்திருந்தது. சங்குவிளைக்காரர்கள் அதைத் தண்டை என்றார்கள். ஒன்றிலிருந்து அடுத்தது பத்தடிக்குள் என்று சங்கிலியாக ஐந்து தண்டைகள் சேர்ந்துவிட்டால் ஐந்தும் கீச்சென்று கத்தும். பத்து எண்ணுவதற்குள் யாராவது ஒருவர் விலக வேண்டும். விலகாவிட்டால் வழக்கு தானாகவே பதிவாகிவிடும். போலீஸ் வேண்டாம், சாட்சி வேண்டாம், நீதிபதி கண்ணால் பார்க்கவும் வேண்டாம். ஒரு வழக்குக்குத் தொண்ணூறு நாள், ஜாமீன் கிடையாது. மெஷின் பொய் சொல்லாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள்.

அப்படி என்னதான் குற்றம் செய்தார்கள்? மனு எழுதினார்கள். கடற்கரையில் ஹைட்ரஜன் ஆலை வந்த மூன்றாம் வருஷம் ஊர்க் கிணறு உப்புக் கரித்தது. ‘எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவைச் சொல்லுங்கள்’ என்று இரண்டே வரி. முதல் கையெழுத்து சுயம்புலிங்கம். அவருக்குக் கீழே ஊரில் பெரியவர்கள் என்று இருந்த இருநூற்றைந்து பேரும். ஆலையை மூடு என்று யாரும் சொல்லவில்லை, ஒரு கல்லெடுத்து எறியவில்லை. சோதித்துச் சொல் என்று கேட்டதற்கே, கையெழுத்துப் போட்ட இருநூற்றாறு பேரும் ‘பொது நோக்கத்துடன் கூடக்கூடியவர்கள்’ பட்டியலில் ஏறிவிட்டார்கள். வெளியூர்க்காரர் உள்ளே வரத் தடையும் சேர்ந்து வந்தது. எல்லையில் செக்போஸ்ட் போட்டு இரண்டு போலீஸ்காரர்களை உட்கார வைத்தார்கள்.

இரண்டு வருஷத்தில் ஊருக்கே எண்ணுவது பழகிவிட்டது. டீக்கடையில் நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆள் ரோட்டிலேயே நின்று கிளாஸை வாங்கிக்கொள்வான். ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட வீட்டில் ஒருவர் மாட்டுக் கொட்டகையில் படுத்தார். கோயில் கொடையில் சாமி வந்து ஆடியவன்கூட ஆடிக்கொண்டே எண்ணினான். ஒரே ஒரு தடவைதான் கணக்குத் தப்பியது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இருட்டில் தெரியாமல் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஆறு வழக்கு வந்தது. ஒரு தடவை கூடினதற்கு எதற்கு ஆறு வழக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த ஆறு பேரும் இன்னும் பாளையங்கோட்டை ஜெயிலில்தான் இருக்கிறார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. நேற்று மத்தியானம் நடந்தது நெஞ்சுக்குள் நெருப்பாகக் கிடந்தது. கிணற்றடியில் மூன்று பேருடன் பேசிக்கொண்டிருந்த மனுஷன் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆறடி ஆள், நல்ல கனம். அவருடைய சித்தப்பா மகன் பால்துரை லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் பத்தடி தள்ளி நிறுத்தினான். ஏனென்றால் அவன் ஐந்தாவது ஆள். விழுந்து கிடக்கிறவரையும் சேர்த்து எண்ணியாயிற்று! மூன்று பேர் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒருவன் விலகிப் போனான், பால்துரை வந்தான், மறுபடியும் மூன்று பேர்தான். துண்டில் கிடத்தி இழுத்து, ரோட்டு மேட்டில் ஏற்றி, வண்டியில் போடுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அரை மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

“துக்க வீட்டுல பேசக்கூடாதுதாம்மா. ஆனா சொல்ல வேண்டியது என் கடமை. ஐயா கால்ல தண்டை கெடக்குல்லா, அது இன்னும் கணக்குலதான் இருக்கு. பாடை தூக்க நாலு பேரு வந்தா ஐயாவோட சேர்த்து அஞ்சாயிரும்.”

“செத்தவரையுமா எண்ணுது?” என்றாள் சுகிர்தா. அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். தண்டை மாட்டிய அன்றே வேலை போய்விட்டது.

“நாடி பாக்குற வசதி டெண்டர்ல இல்லம்மா. கால்ல கெடந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். கழத்துறதுக்குச் சென்னையிலருந்து உத்தரவு வரணும். தண்டை கழறாம இறப்புச் சான்றிதழும் பதிவாகாது. இன்னைக்குச் சனிக்கிழமை. திங்கக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் நானே போன் போட்டுக் கேக்கேன்.”

“திங்கக்கிழமை வரைக்கும் எங்க வீட்டுக்காரரு இப்படியே நாறிக் கெடக்கணுமாய்யா?”

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். இதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று தங்கபுஷ்பத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“இன்னொரு வழி இருக்கு. மனுவுல மொதக் கையெழுத்து ஐயாவோடது. வாரிசுங்கிற முறையில நீங்க வாபஸ்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா மனு தானாப் படுத்துரும். ஒரு மணி நேரத்துல ஐயா தண்டையக் கழத்திரலாம். இருபது பேருக்கு ரெண்டு மணி நேரம் பாஸும் தாரோம். ஜாம்ஜாம்னு எடுத்துட்டுப் போங்க.”

அவள் காகிதத்தை வாங்கி நிதானமாக வாசித்தாள். ‘தவறான தகவலின் பேரில் என் கணவர் கையொப்பமிட்டார்’ என்று இருந்தது.

“அப்போ, அவரு செத்துட்டாருன்னு நீங்க ஒத்துக்கிடணும்னா, அவரு கேட்டது தப்புன்னு நான் ஒத்துக்கிடணும். அப்படித்தான?”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா...”

“வேற எப்படிச் சொல்ல? முப்பத்திரண்டு வருஷம் அந்த மனுசங்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு நாள் பொய் சொன்னதில்ல. செத்த மறுநாளே அவரப் பொய்க்காரனாக்கச் சொல்லுதீய. தொப்பியக் கழத்திட்டு வேற வந்து கேக்கீய. இந்தாங்க, கொண்டு போங்க.” காகிதத்தை அவர் கையில் திணித்தாள்.

இன்ஸ்பெக்டர் சண்டை போடவில்லை. “உங்க இஷ்டம்மா. நாங்க தடுக்க மாட்டோம். தடுக்கவே வேண்டாம். மெஷின் பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் ஜீப்பை நிறுத்தி உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியது. இனி நீர்மாலை எடுத்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் அது இல்லாமல் பிணம் வீட்டை விட்டுப் போகாது. கிணற்றில் தண்ணீர் எடுத்து, குடத்தைத் தலையில் வைத்து, நாலு பேர் நாலு முனையில் பிடித்த வெள்ளை வேட்டிக்குக் கீழே நடந்து வந்து, அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். மகன் இல்லாத வீடு என்பதால் மகள் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. வேட்டி பிடிக்க நாலு, குடம் எடுக்க ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஐந்து!

பால்துரை வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“மயினி, ஒரு யோசனை. மூணு முனைய மூணு பேரு பிடிச்சுக்கிடட்டும். நாலாவது முனைய ஒரு கம்புல கெட்டி, அதையும் ஒருத்தரே சேத்துப் பிடிச்சிரலாம். பாடைக்கும் அதே மாதிரி, முன்னால ரெண்டு பேரு, பின்னால ஒருத்தரு. தள்ளுவண்டில வச்சா இன்னும் சுளுவு.”

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நேற்றிலிருந்து ஒரு வாய்ச் சோறு தின்றிருக்க மாட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தங்கபுஷ்பத்துக்குத் தலைக்குள் என்னமோ அறுந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“கம்பா? கம்பக் கெட்டுவியோ? நேத்து அவரு கிணத்தடியில துடிக்கும்போதும் இப்படித்தான யோசன பண்ணிக்கிட்டு நின்ன! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு நின்னியே பால்துரை! ஒங்க அண்ணன் ஒன்னையத் தோள்ல தூக்கி வளத்தவராச்சே, அவரத் தூக்குறதுக்கு ஒனக்குக் கணக்குத் தேவைப்பட்டுச்சோ?”

பால்துரை முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். பத்தடிக்கு ஒருவராக நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

“அவன மட்டும் சொல்லல, எல்லாரையுந்தான் சொல்லுதேன். என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன். போலீஸ்காரன் எங்க நிக்கான், பாருங்க. நெழல்ல நிக்கான். அவன் ஏன் எண்ணணும்? அவனுக்குப் பதிலாத்தான் நாம எண்ணுதோமே! பச்சப் புள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுகூட வீட்டுல எத்தன பேருன்னு எண்ணிட்டு ஊட்டுதோமே, நம்மள மாதிரி வெக்கங்கெட்ட சென்மம் எங்கயாவது உண்டா? எம் புருசன் நெஞ்சு வலியில சாகல. நம்ம எண்ணி எண்ணிச் சாகடிச்சிருக்கோம்.”

தங்கபுஷ்பம் திரும்பினாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். சுயம்புலிங்கத்தின் கல்யாண வேட்டி அடியில் மடித்திருந்தது. எடுத்து உதறினாள். ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, வீட்டை விட்டுப் பத்தடி தள்ளித் தெருவில் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள் நீர்மாலைக்குப் போகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இல்லை.

“சுகிர்தா, குடத்த எடு. நானும் வாரேன். ஒரு முனை என் கையில இருக்கு. மிச்சம் மூணு முனையப் பிடிக்க இந்த ஊர்ல யாரும் இருந்தா வரட்டும். இல்லன்னா தரையில இழுத்துக்கிட்டே போறேன்.”

பால்துரை ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தான். டீக்கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்தார். நாலாவது முனை தரையில் கிடந்தது. தங்கபுஷ்பம், சுகிர்தா, பால்துரை, டீக்கடைக்காரர் என்று நாலு தண்டை ஆகிவிட்டது. இனி வருகிறவர்தான் ஐந்தாவது. ஊர் முழுக்க அந்த முனையையே பார்த்தது.

ஜெயிலில் இருக்கும் ஆறு பேரில் ஒருவனுடைய பெண்டாட்டி, பேச்சித்தாய் என்று பெயர், ஒரு வருஷமாகப் புருஷனைப் பார்க்காதவள். அவள்தான் முதலில் அசைந்தாள். வந்து முனையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஐந்து தண்டையும் கீச்சென்று கத்தின. பொய் சொல்வானேன், தங்கபுஷ்பத்தின் கால் விலகத்தான் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து எண்ணுகிற நேரம் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“பதிஞ்சிருச்சு” என்றாள் பேச்சித்தாய். “நடங்க மயினி. இனி என்ன?”

அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வரிசை குலைந்தது. ஒருவர் வந்தார், ஒன்பது பேர் வந்தார்கள், தெரு முழுக்க வந்தது. நடக்க முடியாத கிழவர் ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கணுக்கால் கணுக்காலாக அந்தக் கீச்சுச் சத்தம் காதைக் கிழித்தது. சங்கு ஊதியவனின் மூச்சு அதற்கு மேல் எழுந்தது. கிணற்றில் வாளி இறங்கியது. பித்தளைக் குடத்தின் வாயில் தண்ணீர் பட்டுக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு சுகிர்தா வேட்டிக்குக் கீழே நடந்தாள். உப்புத் தண்ணீர் வழிந்து அவள் கண் எரிந்தது.

குடம் வீட்டுக்குள் நுழையும்போது செத்தவரோடு சேர்த்து இருநூறு தண்டையும் ஒரே இடத்தில் இருந்தன. சுயம்புலிங்கத்தின் தலையில் முதல் சொம்புத் தண்ணீரைச் சுகிர்தா ஊற்றினாள். அந்த நேரத்தில் எல்லாத் தண்டையும் ஒரே சமயத்தில் வாயை மூடின. விளக்குகளும் அணைந்தன. ஜீப்புக்குள் இன்ஸ்பெக்டர் தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் சேதி வந்துவிட்டது. மாநிலம் முழுக்கத் தண்டைகள் ஊமையாகிவிட்டன. கோர்ட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்று, அன்றைக்குப் பதிந்த வழக்கெல்லாம் அழிந்துவிட்டதாம். சுயம்புலிங்கத்தை நாலு பேர் தூக்க, நாற்பது பேர் தோள் மாற்ற, ஊரே பின்னால் போய்க் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு வருஷத்தில் வெளியூரில் செத்த சொந்தக்காரர்களுக்காகவும் சேர்த்து அழுதார்கள். தங்கபுஷ்பமும் அப்போதுதான் அழுதாள். நடுவில் பேச்சித்தாய் எதற்கோ சிரித்துவிட, சாவு வீடு என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா மட்டும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்த ஆறு பேருக்கு ஏன் ஆறு கேஸுன்னு இப்பத்தான் புரியுது. அந்த மெஷின் கூட்டத்த எண்ணல. கூட்டத்துக்குள்ள எத்தன விதமா அஞ்சு அஞ்சு பேராப் பிரிக்கலாமோ அத்தன கேஸு போடுது. ஆறு பேருன்னா ஆறு. ஏழு பேருன்னா இருபத்தொண்ணு.”

“இருநூறு பேருன்னா?”

“இருநூத்தி அம்பத்து மூணு கோடியே அம்பத்தாறு லட்சம்.”

தங்கபுஷ்பம் வாயில் கை வைத்தாள். “நம்ம ஊருக்கா? அடப் பாவி மக்கா, தாங்குமா அது!”

“தாங்கலியே! அதான் படுத்துட்டு.”

அன்றைக்கு ஆண்களும் பெண்களும் தெருவில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எத்தனை பேர் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். கூடவே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர், தண்டை செய்கிற கம்பெனியின் இன்ஜினியர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டார் போல. மடிக்கணினியைத் திறந்து சுகிர்தாவின் தண்டையைச் சோதித்தார். அவள் சும்மா இருக்கவில்லை.

“எங்க தப்புன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?”

“அஞ்சுன்னு வச்சதுதாங்க தப்பு” என்றார் அவர். யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்று இருந்திருக்கும். “அஞ்சு அஞ்சாப் பிரிச்சா கோடிக்கணக்குல போகுது. எந்த மெஷினும் தாங்காது.”

“ஒரு கூட்டத்துக்கு ஒரு கேஸுன்னு மாத்திர வேண்டியதுதான?”

“அதுக்கு எல்லாத்தையும் புதுசா எழுதணும். புதுசா டெண்டர் விடணும். ஆறு மாசம் ஆகும். நம்பரை மாத்துறது ஒரு நிமிஷ வேலை. ரெண்டு ரெண்டாப் பிரிச்சா இருநூறு பேருக்குப் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் கேஸ்தான் வருது. அது அழகாத் தாங்குது. ராத்திரியே மாத்தியாச்சு.”

சுகிர்தா அவரையே பார்த்தாள். தங்கபுஷ்பத்துக்குக் கணக்குப் புரியவில்லை. மகளின் முகம் மட்டும் புரிந்தது.

“சட்டத்துல அஞ்சுன்னுல்லா இருக்கு?” என்று கேட்டாள்.

“இருந்துச்சும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை தொப்பியைக் கழற்றவில்லை. “காலம்பற ஆறு மணிக்கு அவசரச் சட்டம் வந்தாச்சு. அஞ்சுங்கிற எடத்துல ரெண்டு. வேற ஒரு எழுத்தும் மாறல.”

இன்ஜினியர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறைக்குள் இரண்டு தண்டைகள் கீச்சென்று கத்தின. தாயின் காலில் ஒன்று, மகளின் காலில் ஒன்று. வெளியே தெருவில் வீட்டுக்கு வீடு அதே சத்தம் எழுந்தது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கதவுகள் திறந்தன. புருஷன்மார் வெளியே ஓடி வந்து, அடுத்த ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்து விலகி விலகி நின்றார்கள்.

“ஒருத்தரு வெளிய போயிருங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “பத்து எண்ணுறதுக்குள்ள.”

சுகிர்தா வாசற்படி வரை போய்விட்டாள். அவளாகப் போகவில்லை, இரண்டு வருஷத்துப் பழக்கம் காலை இழுத்துக்கொண்டு போனது. ஒரு கால் வெளியே வைத்தவளைத் தங்கபுஷ்பம் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

“எங்கட்டி போற? இது ஒங்கப்பன் வீடு.”

மகளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

“ஆமாய்யா, நாங்க ரெண்டு பேரும் கூட்டந்தான். எழுதிக்கோ.”